பிக்-எண்டியனில் காணாமல் போன ககரம்

ஓய்வு நேரத்தில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்துக்காகச் சில சிறிய பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை, பராமரித்து வருகிறேன். அவற்றுள் ஒன்று, எழுத்துருக் கோப்பைத் திறந்து அதில் எந்தெந்தத் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று பட்டியலிடும் ஒரு கட்டளைவரிக் கருவி. அதை எழுதியவர் வேறொருவர். அவர் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பையும் டெபியனுக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்து பதிவேற்றுவது மட்டுமே என் வேலை. சென்ற ஆண்டு ஒரு புதிய பதிப்பைப் பதிவேற்றிவிட்டு, மறுநாள் காலை காபியோடு, ஒவ்வொரு கணினி வகைக்கும் பொதி சரியாகக் கட்டப்பட்டதா என்று காட்டும் கட்டுமான நிலவரப் பக்கத்தைத் திறந்தேன். ஏஎம்டி64 முதல் ரிஸ்க்-வி வரை எல்லா வரிகளும் பச்சையாக இருக்க, எஸ்390எக்ஸ் என்ற ஒரே வரி மட்டும் சிவப்பாக நின்றது. பதிவேட்டின் அடிப்பகுதியில் இரண்டு சோதனைகள் தோற்றிருந்தன. முதலாவது சொன்ன செய்தி மிகச் சுருக்கமானது: ககரத்தின் குறியெண் 2965 ஆக இருக்க வேண்டும், கிடைத்தது 38155.

சொல் குறித்து ஒரு விளக்கம். புராசசரைச் செயலி என்று எழுதுவதே முறை என்றாலும், செயலி என்றால் இன்று எல்லோருக்கும் கைபேசியில் இருக்கும் ஆப்தான் நினைவுக்கு வருகிறது; ஆகவே இந்தப் பதிவு முழுவதும் புராசசர் என்றே எழுதுகிறேன்.

எஸ்390எக்ஸ் என்பது ஐபிஎம் நிறுவனத்தின் மெயின்பிரேம் கணினிகளில் உள்ள 64 பிட் புராசசர் வகை. இத்தகைய புராசசர் வகைகளை டெபியனில் கட்டமைப்புகள் என்போம்; அதிகாரபூர்வக் கட்டமைப்புகளில் அது இடம்பெற்றிருக்கிறது. கருவியை எழுதியவரோ தம் அறிமுகக் கோப்பில், இன்டெல் வகை, ஆர்ம் வகை இரண்டை மட்டுமே ஆதரிப்பதாகத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். நான் தோல்வியைத் தெரிவித்தபோது அவர் அனுப்பிய பதில் மரியாதையானது, நியாயமானதும்கூட. அப்படி ஓர் இயந்திரத்தைத் தாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அங்கே அந்தச் சோதனைகளைத் தவிர்த்துவிடுங்கள் என்றார். மெயின்பிரேமில் உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுத்துருவைச் சோதிப்பவர் யார் என்ற கேள்வி எனக்கும் எழாமல் இல்லை. பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் விதிக் கோப்பில் ஒரு நிபந்தனை வரி சேர்த்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த வரியைச் சேர்க்காமல் என்னைத் தடுத்தது 38155 என்ற எண். நிரல் செயலிழந்து விழுந்திருந்தாலோ, நேரம் கடந்து நின்றிருந்தாலோ ஒருவேளை நானும் தவிர்த்துவிட்டுப் போயிருப்பேன். இது ஒரு முழுமையான, தன்னம்பிக்கை நிறைந்த, தவறான விடை. 2965 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதினால் ஒன்றில் 11, மற்றொன்றில் 149 வரும். 11-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் 2965. இவ்விரண்டையும் இடம்மாற்றி, 149-ஐ 256-ஆல் பெருக்கி 11-ஐக் கூட்டிப் பாருங்கள், 38155 கிடைக்கும். யூனிகோடில் அந்த எண் சீன எழுத்துகளின் பகுதியில் விழுகிறது. ஆக, அந்த இயந்திரத்தில் நம் கருவி ககரத்தைப் பார்த்துவிட்டு, இது ஏதோ ஒரு சீன எழுத்து என்று முடிவுகட்டியிருக்கிறது.

எண்ணை நினைவகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவது என்பதில் புராசசர்கள் இரண்டு கட்சி. நாம் தாளில் எழுதுவதுபோல் பெரிய இடமதிப்பை முதலில் வைப்பது பிக்-எண்டியன். ஒன்றாம் இடத்தை முதலில் வைப்பது லிட்டில்-எண்டியன். நம் மேசையிலும் கைப்பையிலும் இருக்கும் இன்டெல் வகை, ஆர்ம் வகைக் கணினிகள் எல்லாம் இரண்டாவது கட்சி. டெபியனின் அதிகாரபூர்வப் பட்டியலில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பிக்-எண்டியன் கட்டமைப்பு எஸ்390எக்ஸ்தான். ஸ்பார்க் 2015-இல் வந்த வெளியீட்டோடும், பழைய பவர்பிசி 2017-இல் வந்த வெளியீட்டோடும் பட்டியலை விட்டு வெளியேறின. பிக்-எண்டியன் மிப்ஸும் பின்னர் விடைபெற்றது. இதனால் ஒரு நிரலில் பைட் வரிசைப் பிழை இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க அங்கே அந்த ஓர் இயந்திரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ட்ரூடைப் எழுத்துருக் கோப்பின் வடிவமே பிக்-எண்டியன். கோப்பில் எண்கள் அந்த வரிசையிலேயே எழுதப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே எஸ்390எக்ஸில் கோப்பிலிருந்து இரண்டு பைட்டுகளை எடுத்தால் அப்படியே எண்ணாகப் பயன்படுத்தலாம். நம் மடிக்கணினியில்தான் புரட்டிப் போட வேண்டும். நிரலின் பழைய பகுதி, கோப்பின் தலைப்பைப் படிக்கும்போது அந்தந்த இயந்திரத்துக்கு ஏற்றபடி புரட்டும் பொதுச் செயற்கூறையே அழைத்தது, அதில் குறை இல்லை. பின்னாளில் சேர்க்கப்பட்ட சிமேப் அட்டவணைப் பகுதியில் ஆசிரியர் தாமே ஒரு புரட்டும் செயற்கூறை எழுதியிருந்தார். அது எந்த இயந்திரம் என்று கேட்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் புரட்டிவிடும். எந்த வேலையும் செய்யத் தேவையில்லாத இயந்திரத்தில்தான், செய்யக்கூடாத வேலையைச் செய்து நிரல் தோற்றிருக்கிறது.

சிமேப் அட்டவணை என்பது எந்தக் குறியெண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்லும் பகுதி. அதன் பரவலான வகையில் குறியெண்கள் தனித்தனியாக இல்லாமல், தொடக்கம், முடிவு என்ற இரண்டு எண்களால் சுட்டப்படும் துண்டுகளாக இருக்கும். தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரை. அதில் ககரம் 2965, அடுத்து வரும் ஙகரம் 2969. பிற இந்திய மொழிகளின் அடுக்கு முறையைப் பின்பற்றியதால் இடையிலுள்ள மூன்று இடங்கள் தமிழில் காலியாகக் கிடக்கின்றன. எனவே ஒ, ஓ, ஔ, க என்று தொடர்ந்து வரும் துண்டு ககரத்தோடு முடிகிறது, அதன் முடிவெண் ககரத்தின் எண்தான். சோதனையை எழுதியவர் மிகச் சரியாக அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். துண்டின் எல்லையை ஒன்று கூட்டியோ குறைத்தோ படித்தால் அங்கே உடனே பிடிபடும். பைட் வரிசைப் பிழையும் அதே வலையில் விழுந்தது தற்செயல்.

மேலும் கிளறியபோது இன்னொன்று தெரிந்தது. சிமேப் பகுதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சோதனைகள் இந்தப் பதிப்பில்தான், நிரலைக் கட்டும் படிகளைக் கொண்ட மேக் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அப்படி ஒரு சோதனை இலக்கு இருந்தால், டெபியனின் கட்டுமானக் கருவி யாரும் சொல்லாமலே அதைத் தேடி ஓட்டிவிடும். அதாவது இரண்டு ஆண்டுகளாக நான் எஸ்390எக்ஸுக்குக் கட்டி அனுப்பிய இருமக் கோப்பு, எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் அதில் தமிழ் எழுத்து ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்ற குறியீட்டோடு வெளியேறிக்கொண்டிருந்தது. நிலவரப் பக்கத்தில் அத்தனை நாளும் அந்த வரி பச்சை. அன்று காலை அது சிவப்பானதும், நன்றாக இருந்த ஒன்று கெட்டுவிட்டது என்ற நினைப்பிலேயே நானும் சலித்துக்கொண்டேன்.

இந்தச் சலிப்புக்குக் காரணம் டெபியனின் நடைமுறையிலேயே இருக்கிறது. ஒரு பொதி முன்பு ஓர் அதிகாரபூர்வக் கட்டமைப்பில் கட்டப்பட்டிருந்து, புதிய பதிப்பு அங்கே கட்டப்படாமல் நின்றால், அந்தப் பதிப்பு, புதியவை முதலில் வந்து சேரும் நிலையற்ற கிளையிலிருந்து, அடுத்த வெளியீடு உருவாகும் சோதனைக் கிளைக்கு நகராது. மற்ற எல்லாக் கட்டமைப்புகளின் பயனரும் அதற்காகக் காத்திருப்பார்கள். பாதுகாப்புத் திருத்தம் அடங்கிய பதிப்பாக இருந்தால் பராமரிப்பவரின் கை தானாகவே தவிர்க்கும் வரியைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடும். இதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன், நானே செய்திருக்கிறேன்.

எப்படிச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விதிக் கோப்பு உண்மையில் ஒரு மேக் கோப்பு. அதில் ஒரு கட்டளையின் முன்னால் ஒரு சிறு கோடு போட்டால், அந்தக் கட்டளை தோற்றாலும் மேக் பொருட்படுத்தாமல் மேலே போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பொதியில், 32 பிட் ஆர்மில் தோற்ற ஒரே ஒரு சோதனைக்காக அந்தக் கோட்டைப் போட்டேன். கோடு எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொது என்பது தெரியாமல் இல்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம்தான். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு பயனரின் வழு அறிக்கை வந்தது. ஏஎம்டி64-இலேயே மூன்று பதிப்புகளாகப் பாதிச் சோதனைகள் தோற்றுக்கொண்டிருந்தன, பதிவேடுகள் அத்தனையும் அதைச் சொல்லிக்கொண்டுமிருந்தன. வரி பச்சையாக இருக்கும்போது பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர் யார்?

எஸ்390எக்ஸ் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அந்த இயந்திரம் கையில் இல்லை என்பது உண்மை, ஆனால் அது பெரிய தடை இல்லை. ஒரு புராசசரில் மற்றொன்றின் நிரலை ஓட்டிக் காட்டும் கியூஎமு மென்பொருளின் பயனர்நிலைப் பின்பற்றியை நிறுவி, எஸ்390எக்ஸ் டெபியனை ஒரு தனி அடைவில் இறக்கிக்கொண்டால், மடிக்கணினியிலேயே அந்த இருமக் கோப்புகளை ஓட்டலாம். வேகம் குறைவுதான், இருந்தாலும் பைட் வரிசைப் பிழையைப் பிடிக்க இது போதும். அன்று மாலைக்குள் அதே 38155 என் திரையிலும் வந்துவிட்டது. கியூஎமுவை எல்லாவற்றுக்கும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்ம், பவர் போன்ற புராசசர்கள் நினைவக எழுத்துகளை வரிசைமாற்றிக் காட்ட அனுமதி பெற்றவை. இன்டெல் வகை அதில் மிகக் கண்டிப்பானது. ஒரே நிரலில் இணையாக ஓடும் இழைகளுக்கிடையே பூட்டு மறந்துபோனதால் வரும் தோல்விகள் இன்டெல் கணினியில் ஓடும் பின்பற்றியில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. அதற்கு மெய்யான இயந்திரம் வேண்டும். டெபியன் உறுப்பினர்களுக்கு இதற்கென்றே தொலைவிலிருந்து உள்நுழையக்கூடிய இயந்திரங்கள் உண்டு. உறுப்பினரல்லாத பராமரிப்பாளர்களும் விருந்தினர் அனுமதி கேட்கலாம்.

திருத்தம் மூன்று வரி. புரட்டும் செயற்கூறை நீக்கிவிட்டு, முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டு என்று எழுதினேன். இப்படி எழுதும்போது இந்த இயந்திரம் எந்தக் கட்சி என்ற கேள்வியே எழுவதில்லை. கோப்பின் வரிசை என்னவோ அதுதான் நிரலிலும் இருக்கிறது. ஜிசிசி போன்ற நிரல்பெயர்ப்பிகள் இந்த உருவத்தை அடையாளம் கண்டு, தேவையான இடத்தில் ஒரே புரட்டல் ஆணையாகச் சுருக்கிக்கொள்ளும் என்பதால் வேகத்திலும் இழப்பில்லை. ஆசிரியருக்கு அனுப்பினேன். ஆதரிக்காத இயந்திரத்துக்காக என்று எழுதாமல், நிரல் எளிமையாகிறது என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார். அந்த இயந்திரத்தை ஆதரிப்பதாக அவர் இன்றுவரை அறிவிக்கவில்லை, அப்படி அறிவிக்கும்படி நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவது தோல்வி அதே பதிவேட்டில் இருந்தது, அதுவும் பைட் வரிசை தொடர்பானதே, ஆனால் தீர்ப்பு வேறு. கருவி ஒருமுறை படித்த எழுத்துருவின் விவரங்களை மறுமுறை விரைவாக எடுப்பதற்காக ஓர் இடைச்சேமிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். சோதனை என்ன செய்தது என்றால், அப்போது உருவான கோப்பை, ஆசிரியரின் மடிக்கணினியில் என்றோ உருவாக்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்த மாதிரிக் கோப்போடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டது. எஸ்390எக்ஸ் தன் வரிசையில் எழுதியது. மாதிரி இன்டெல் வரிசையில் இருந்தது. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கோப்பு ஓர் இயந்திரத்தில் எழுதப்பட்டு மற்றோர் இயந்திரத்தில் படிக்கப்படுமா? படிக்கப்படும் என்றால் இதுவும் முதலாவதைப் போன்ற மெய்யான வழு. நம் கருவியில் அந்தக் கோப்பு பயனரின் சொந்த இடைச்சேமிப்பு அடைவைத் தாண்டுவதில்லை. அழித்தால் மறுபடி உருவாகும். ஆகவே நிரல் சரி, சோதனைதான் தன் வீட்டு வழக்கத்தை ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதைத் தவிர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனாலும் தவிர்க்கும் முறையில் கவனம் வேண்டும். எஸ்390எக்ஸ் என்று பெயர் சொல்லித் தவிர்த்தால், நாளை வேறொரு பிக்-எண்டியன் இயந்திரத்தில் இதே கதை தொடங்கும். சோதனைகள் பைத்தானில் இருந்ததால், பைட் வரிசை பெரியது முதலில் என்றால் இந்த ஒரு சோதனையைத் தவிர் என்று அதன் தலையிலேயே காரணத்தோடும் வழு எண்ணோடும் குறித்தேன். விதிக் கோப்பில் செய்ய நேர்ந்தாலும் இதே வழி உண்டு. கட்டமைப்பின் பெயரைத் தவிர அதன் பைட் வரிசை என்ன, எத்தனை பிட் என்பதையும் டெபியனின் கட்டுமானக் கருவி மாறிகளாகத் தருகிறது. பெயர்ப் பட்டியல்கள் சீக்கிரம் ஊசிப்போகும். ரிஸ்க்-வி 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல்தான் அதிகாரபூர்வ வரிசைக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எத்தனையோ பட்டியல்களில் 64 பிட் கட்டமைப்புகள் என்று நான்கைந்து பெயர்கள் மட்டும் இருக்க, புதியவர் 32 பிட் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

இதுபோல் நிரலும் சோதனையும் மாறி மாறிக் குற்றவாளியாகும் இடங்கள் ஏராளம். தசம எண்களுக்கான மிதவைப் புள்ளிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. பெருக்கிக் கூட்டுவதை ஒரே ஆணையில், ஒரே ஒருமுறை முழுமையாக்கிச் செய்யும் வசதி ஆர்ம்64, பவர், எஸ்390எக்ஸ் ஆகியவற்றில் அடிப்படையிலேயே உண்டு. ஜிசிசி கேட்காமலே அதைப் பயன்படுத்தும். ஏஎம்டி64-இன் அடிப்படை ஆணைத்தொகுப்பில் அது இல்லாததால் அங்கே இரண்டு முறை முழுமையாக்கப்படுகிறது. கடைசி இலக்கம் வேறுபடும். இரண்டும் தவறல்ல, சொல்லப்போனால் ஒரேமுறை முழுமையாக்கியதே மெய்மதிப்புக்குப் பெரும்பாலும் நெருக்கமானது. சரிசமமா என்று கேட்ட சோதனையைத்தான் திருத்த வேண்டும். இதற்கு நேர்மாறானது, ஓர் எழுத்தை வைக்கும் சி மொழியின் சார் வகை. இன்டெலில் அது குறியுடையது, அதாவது கழித்தல் எண்ணையும் ஏற்கும், லினக்ஸ் ஓடும் ஆர்மிலும் பவரிலும் குறியற்றது. கோப்பின் முடிவைக் குறிக்கும் கழித்தல் ஒன்றைச் சாரில் வாங்கி ஒப்பிட்ட ஒரு நிரல் ஆர்மில் கோப்பின் முடிவையே காணாமல் சுற்றிக்கொண்டிருந்ததை, கட்டுமான இயந்திரம் 150 நிமிடம் ஓசையில்லாமல் இருந்துவிட்டது என்று நிறுத்தப்பட்ட பிறகே கண்டுபிடித்தேன். பதிவேட்டில் நேரம் கடந்தது என்று இருந்ததால், மெதுவான இயந்திரம், கால வரம்பை உயர்த்தலாம் என்று முதலில் நினைத்தேன். மெதுவான இயந்திரங்களும் உண்டுதான். ஐந்து நொடிக்குள் முடிய வேண்டும் என்று எழுதப்பட்ட சோதனைகள் பல, வேறு எந்தக் குறையும் இல்லாமல் ரிஸ்க்-வி கட்டுமான இயந்திரங்களில் தோற்கின்றன. ஒரே செய்தியின் பின்னால் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

தோல்வி மெய்யானது, திருத்தவும் முடியவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் என் கருத்து பலரிடமிருந்து வேறுபடுகிறது. பொதுவாகச் சோதனையைத் தவிர்த்துப் பொதியைக் கட்டி அனுப்புவதை உதவி என்றும், அந்தக் கட்டமைப்பையே பொதியிலிருந்து நீக்குவதைக் கைவிடல் என்றும் பார்க்கிறார்கள். தவறான விடை தரும் என்று எனக்குத் தெரிந்த நிரலை, தெரிந்தே ஒருவர் கணினிக்கு அனுப்புவதை உதவி என்று என்னால் எண்ண முடியவில்லை. நிரல் விழுந்து நொறுங்கும் என்றால் பயனர் அறிவார், வழு அறிக்கை எழுதுவார். தமிழே இல்லை என்று அமைதியாகச் சொல்லும் நிரலை அவர் நம்பிவிடுவார். அந்த நிலையில் நீக்குவதே நேர்மை. அதற்கான வழிகளும் இருக்கின்றன. கட்டமைப்புப் பட்டியலைக் கையால் சுருக்குவதைவிட, லிட்டில்-எண்டியன் என்றோ 64 பிட் என்றோ தன்மையைக் கூறும் மெய்நிகர்ப் பொதிகளைக் கட்டுமானச் சார்பாகக் குறிப்பது தெளிவானது. அத்தன்மை இல்லாத இயந்திரம் கட்டவே முயலாது. பிறகு அங்கே ஏற்கெனவே கிடக்கும் பழைய இருமக் கோப்பை நீக்கும்படி களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழு அறிக்கை வழியாகக் கேட்க வேண்டும். கேட்கும் முன் அந்தக் கட்டமைப்பில் நம் பொதியைச் சார்ந்திருக்கும் மற்றப் பொதிகள் யாவை என்று பார்த்தாக வேண்டும். எழுத்துருக் கருவியை எவரும் சார்ந்திருக்கவில்லை. அடித்தளத்தில் இருக்கும் ஒரு நூலகத்தை இப்படி உருவினால் மேலே நூறு பொதிகள் சரியும். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் விநியோகத்தில் ஒரு கட்டமைப்பை விலக்கினால் அதற்குக் காரணம் சொல்லும் வழு அறிக்கை ஒன்றைத் திறந்து, அந்தக் கட்டமைப்பின் இத்தகைய வழுக்களை ஒருங்கே பட்டியலிடும் தொகுப்பு வழுவோடு இணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது எனக்குப் பிடித்த விதி.

ஆதரவு என்ற சொல்லை யார் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பதில் வரும் குழப்பம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2021 பிப்ரவரியில் எல்லோரும் பார்த்தோம். பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைக் கட்டுமானத் தேவையாக்கியது. ரஸ்ட் நிரல்பெயர்ப்பியே இல்லாத ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க், இட்டானியம் போன்ற பழைய புராசசர்களுக்கு ஜென்டூ முதலிய லினக்ஸ் விநியோகங்கள் பொதி கட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் பராமரிப்பாளர்கள் தலையில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. நூலகத்தார் தரப்பில், அந்த இயந்திரங்களில் நாங்கள் ஒருநாளும் சோதித்ததில்லை, ஓடும் என்று சொன்னதுமில்லை என்ற வாதம். பராமரிப்பாளர் தரப்பில், இத்தனை ஆண்டு ஓடியதே என்ற வாதம். இரண்டும் உண்மை. இதற்கு முன்பே, 2017-இல் படங்களை வரையும் லிப்ஆர்எஸ்விஜி நூலகம் ரஸ்டுக்கு மாறியபோது, டெபியனின் அதிகாரபூர்வமற்ற கட்டமைப்புகள் பழைய சி மொழிப் பதிப்பிலேயே தங்கிவிட்டன. 2025 அக்டோபர் இறுதியில் டெபியனில் பொதிகளை நிறுவும் ஏபிடி கருவியே ரஸ்டைக் கட்டாயமாக்கப் போகிறது, 2026 மே மாதத்துக்கு முன் இல்லை என்று அறிவிப்பு வந்தபோதும் அதே வாதங்கள் அதே சூட்டோடு திரும்பின. சோதனை ஓடி ஜெயித்த பதிவேடு இல்லாத இடத்தில், ஓடியதே என்பதற்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்று எனக்கு இப்போது தெரியும். என் பொதியும் இரண்டு ஆண்டு ஓடியது.

எஸ்390எக்ஸ் பச்சையான பிறகு ஆர்வத்தில் அதிகாரபூர்வமற்ற கட்டமைப்புகளின் பதிவேடுகளையும் திறந்தேன். ஸ்பார்க்64-உம் பிக்-எண்டியன்தான், ககரம் அங்கேயும் மீண்டுவிட்டது. ஆனால் இடைச்சேமிப்பைப் படிக்கும் வேறொரு சோதனையில் நிரல் பஸ் பிழை என்று விழுந்திருந்தது. இடைச்சேமிப்புக் கோப்பின் தலைப்பு 6 பைட். அதை அடுத்து 32 பிட் எண்கள் வரிசையாக வருகின்றன. நிரல் கோப்பை நினைவகத்தில் அப்படியே விரித்து, ஆறு பைட் தள்ளி நேராக எண்ணாகப் படிக்கிறது. நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணை எடுப்பதை இன்டெல் பொறுத்துக்கொள்ளும், எஸ்390எக்ஸும் பொறுத்துக்கொள்ளும், ஸ்பார்க் அந்த இடத்திலேயே நிரலை வீழ்த்திவிடும்.

தலைப்பை 8 பைட்டாக்கினால் தீரும். ஆனால் அது இடைச்சேமிப்பின் வடிவத்தை மாற்றும், பழைய கோப்புகளை அடையாளம் கண்டு ஒதுக்கும் நிரலும் வேண்டும் என்பதால், அடுத்த பெரிய பதிப்பில் செய்துகொள்ளலாம் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அதிகாரபூர்வமற்ற கட்டமைப்பில் தோற்றால் பொதியின் நகர்வு தடைபடாது. எனவே அந்தச் சோதனையை நான் தவிர்க்கவில்லை, விதிக் கோப்பையும் தொடவில்லை. ஸ்பார்க்64 வரி இப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. தலைப்பின் அளவைப் பற்றிய வழு அறிக்கையின் எண்ணைப் பொதியின் குறிப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.